குணமாக்கும் கரங்களுக்குக் காவல் வேண்டும்

பட்டாசு ஆலைகள் சூழ்ந்த தாயில்பட்டி வட்டாரத்தில் வாழ்வோர்க்கு, பகல் வேளையில் எங்கேனும் ஒரு பேரொலி எழுந்தால் நெஞ்சம் திடுக்கிடும். எந்த ஆலை, எந்த அறை, யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக்கொண்டே ஊர் ஓடும். 2012-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நிகழ்ந்த வெடிவிபத்தில் 30-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 12-ஆம் நாள் சாத்தூரை அடுத்த அச்சங்குளத்திலும் பல குடும்பங்கள் ஒரே நண்பகலில் அநாதையாயின. அத்தகைய நாள்களில் நம் கண்ணீரும் மன்றாட்டும் காயமுற்றோரையும் அவர்தம் வீட்டாரையும் நோக்கிச் செல்வது இயல்பே. ஆயின், அதே வேளையில் மருத்துவமனைக்குள் என்ன நிகழ்கிறது என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

ஆம்புலன்ஸ் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கிறது. வெந்து தோல் உரிந்த கையில் இரத்தக் குழாய் தென்படுவதில்லை. செவிலியர் ஒருவர் குனிந்து, துடிக்கும் நோயாளியின் கையைப் பற்றி, குளுக்கோஸ் ஏற்றுவதற்கான ஊசியைச் செலுத்த முயல்கிறார். வேதனை தாளாமல் நோயாளி கையை உதறினால், அந்த ஊசி செவிலியரின் விரலிலேயே பாய்ந்துவிடக்கூடும். அவர் அதைத் துடைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுவார். ஒரு துளி இரத்தம். ஒரு நொடி வலி. வெடியின் ஒலி பல கல் தொலைவு கேட்கிறது. ஊசி குத்திய ஒலியோ எவர் காதிலும் விழுவதில்லை. அந்த ஒரு துளியில் ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோயின் வைரஸ் இருந்திருக்குமாயின், ஒன்று முதல் ஆறு மாதங்களுக்குள் அச்செவிலியரே நோயாளியாகக் கட்டிலில் படுக்க நேரிடலாம்.

நோயாளிக்குப் பணிபுரிவோர் அந்நோயாளியிடமிருந்தே நோயைப் பெறும் இந்த ஆபத்து தவிர்க்க முடியாத விதியன்று. தடுக்கும் வழி அறியப்பட்டு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. அந்த வழி நம் வீட்டுப் பிள்ளைகளை எட்டியிருக்கிறதா என்பதே நம்முன் உள்ள கேள்வி.

இது வேறு காமாலை

கண் மஞ்சளித்தால் அதனை ‘மஞ்சள் காமாலை’ என்று ஒரே பெயரால் அழைப்பது நம் வழக்கம். உண்மையில் காமாலை என்பது தனியொரு நோயன்று; கல்லீரலோ இரத்தமோ பித்தநாளமோ பழுதுற்றிருப்பதன் அடையாளம். அசுத்தமான குடிநீராலும் உணவாலும் பரவுவன ஹெபடைடிஸ் ஏ, ஈ என்னும் வகைகள். அவை பெரும்பாலும் சில வாரங்களில் தாமே தணிந்துவிடுகின்றன. ஹெபடைடிஸ் பி அத்தகையதன்று. அது இரத்தத்தாலும் உடலின் பிற நீர்மங்களாலும் பரவுவது. தாயிடமிருந்து பிறக்கும் சேய்க்கும், உடலுறவாலும், ஒருவருக்குக் குத்திய ஊசியை மற்றவருக்குக் குத்துவதாலும் தொற்றுவது. ஒரே பந்தியில் அமர்ந்து உண்பதாலோ, கைகுலுக்குவதாலோ, இருமலாலோ, ஒரே குவளையில் நீர் அருந்துவதாலோ அது பரவுவதில்லை. இதனை நன்கு மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

வளர்ந்தோரை இந்நோய் பற்றினால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குக் குறையாமல் நலம் பெற்றுவிடுவர். எஞ்சியோரின் உடலிலோ வைரஸ் நிலையாகத் தங்கிவிடும். பிறக்கும்போதே தொற்றுக்குள்ளாகும் குழந்தைகளின் நிலை நேர்மாறானது. அவர்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறு பேரிடம் அது தங்கிவிடுகிறது. இவ்வாறு தங்கிய வைரஸ் பல்லாண்டுக் காலம் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்து, பின்னர் கல்லீரல் சுருக்க நோயாகவோ புற்றுநோயாகவோ வெளிப்படக்கூடும். 2022-ஆம் ஆண்டில் உலகில் 25 கோடிக்கு மேற்பட்டோரும், நம் நாட்டில் மட்டும் ஏறத்தாழ 3 கோடிப் பேரும் இந்நிலையில் வாழ்ந்தனர் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களுள் பெரும்பாலோர் தம்மிடம் நோய் இருப்பதையே அறியாதவர்கள். ஆகவே, ‘இந்த நோயாளியைப் பார்த்தால் நல்ல ஆரோக்கியசாலியாகத் தோன்றுகிறார், கையுறை எதற்கு?’ என்று எந்தச் செவிலியரும் எண்ணிவிடலாகாது.

இந்நோயின் வரலாற்றிலேயே ஒரு பாடம் அடங்கியிருக்கிறது. அமெரிக்க அறிஞர் பரூக் புளும்பெர்க் என்பவர், ஆஸ்திரேலியப் பழங்குடியினர் ஒருவரின் இரத்தத்தில் தாம் கண்ட புதுமையான ஒரு பொருளைப் பற்றி 1965-இல் எழுதினார். அது என்னவென்று அப்போது எவருக்கும் விளங்கவில்லை. 1967-இல் அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஒரு பெண் ஊழியர் உடல்நலம் குன்றினார். அவர் தம் இரத்தத்தைத் தாமே சோதித்தபோது, அதுவரை இல்லாத அப்பொருள் அதில் தென்பட்டது. இதுவே அப்பொருளுக்கும் கல்லீரல் அழற்சிக்கும் உள்ள தொடர்பைக் காட்டிய சான்றுகளுள் முதன்மையான ஒன்றாயிற்று. புளும்பெர்க் 1976-இல் நோபல் பரிசு பெற்றார். பிறர் இரத்தத்தைக் கையாண்டு பணிபுரிந்த ஒரு பெண்ணின் உடலே இந்நோயை உலகுக்கு அடையாளம் காட்டியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஊசிமுனையின் கணக்கு

ஊசிக்குத்து என்றவுடன் நம் மக்கள் எய்ட்ஸை எண்ணி நடுங்குகின்றனர். மருத்துவ நூல்கள் காட்டும் கணக்கோ வேறு. எச்.ஐ.வி. தொற்றுள்ளவருக்குப் பயன்படுத்திய ஊசி குத்தினால், ஆயிரத்தில் ஏறத்தாழ 3 பேருக்கு அத்தொற்று வரக்கூடும். ஹெபடைடிஸ் சி ஆயின் நூற்றில் ஏறத்தாழ 2 அல்லது 3 பேருக்கு வரலாம். ஹெபடைடிஸ் பி தீவிரமாக உள்ள ஒருவரின் இரத்தம் படிந்த ஊசியோ, தடுப்பூசி போடாதவர்களுள் நூற்றுக்கு 30 பேர் வரை நோயுறச் செய்யவல்லது. மேலும், உலர்ந்த இரத்தக் கறையிலும் இவ்வைரஸ் ஏழு நாள்களேனும் உயிர்ப்புடன் இருக்கும். மேசையின் ஓரத்தில் காய்ந்து கிடக்கும் ஒரு சிறு கறை, விரலில் உள்ள ஒரு சிறு கீறல். இவ்விரண்டும் சந்தித்தாலே போதும்.

உலகெங்கும் உள்ள 3 கோடியே 50 இலட்சம் மருத்துவப் பணியாளருள் ஆண்டுதோறும் 30 இலட்சம் பேர் இரத்தம் படிந்த கூர்மையான கருவிகளால் காயமுறுகின்றனர் என்றும், அவர்களுள் 20 இலட்சம் பேர் ஹெபடைடிஸ் பி வைரஸுக்கு ஆட்படுகின்றனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2002-இல் மதிப்பிட்டது. மருத்துவர், செவிலியர் என்போர் மட்டும் இக்கணக்கில் அடங்குபவர் அல்லர். இரத்தம் எடுக்கும் ஆய்வுக்கூட ஊழியர், பல் மருத்துவரின் உதவியாளர், பிரசவ அறையில் துணைநிற்கும் ஆயா, அறுவை அறையின் துணிகளை வெளுப்பவர், குப்பைத் தொட்டியைத் தூக்கிச் செல்லும் தூய்மைப் பணியாளர் ஆகிய அனைவரும் இதில் அடங்குவர். மருத்துவர்க்குத் தம் விரலில் குத்தியது எந்த நோயாளியின் ஊசி என்பது பெரும்பாலும் தெரிந்திருக்கும். குப்பைப் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த ஊசியால் காயமுற்ற தூய்மைப் பணியாளருக்கோ அது யாருடையது என்று ஒருபோதும் தெரியாது. சொன்னால் வேலை போய்விடுமோ என்ற அச்சமும் சேர்ந்துகொள்ளும்.

இக்காயங்கள் எவ்வாறு நேர்கின்றன? பயன்படுத்திய ஊசிக்கு மீண்டும் மூடி போடும்போது கை தவறுவதால். ஊசியைக் கட்டிலிலோ தட்டிலோ அப்படியே வைத்துவிடுவதால். சாதாரணக் குப்பையோடு எறிவதால். எல்லாவற்றிற்கும் மேலாக, ஒருவர் செய்ய வேண்டிய வேலைக்கும் அதிகமாக அவர் தலையில் சுமத்துவதால். களைத்த கையே தடுமாறும். இரவுப் பணியை முடித்து மீண்டும் பகற்பணிக்கு நிற்கும் செவிலியரை நாம் எளிதில் கடிந்துகொள்கிறோம்; அவர் கையில் இருப்பது கூரிய ஊசி என்பதை மறந்துவிடுகிறோம்.

பணியாளரின் பாதுகாப்பும் நோயாளியின் பாதுகாப்பும் ஒரே நாணயத்தில் அடித்த இரு முத்திரைகள். 2009-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் குஜராத் மாநிலத்து மோடாசா வட்டாரத்தில் ஹெபடைடிஸ் பி காட்டுத்தீயெனப் பரவிப் பலரைக் கொன்றது. ஒருவருக்குப் போட்ட ஊசியையும் சிரிஞ்சையும் மற்றவருக்கும் போட்டதே அதற்குக் காரணமெனக் கண்டறியப்பட்டது. ஊசியை மதியாத இடத்தில் குத்துபவருக்கும் பாதுகாப்பில்லை, குத்திக்கொள்பவருக்கும் பாதுகாப்பில்லை.

கீழாநெல்லியை நம்பலாமா?

காமாலை என்றவுடன் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது நம் பாட்டிமார் காலத்து வழக்கம். இதனை எள்ளி நகையாடுதல் முறையன்று. சென்னைப் பல்கலைக்கழகத்து நுண்ணுயிரியல் அறிஞர் எஸ்.பி.தியாகராஜனும், முன்னர்க் கூறிய புளும்பெர்க் உள்ளிட்டோரும் இம்மூலிகையை ஆராய்ந்து, 1988-இல் ‘லான்செட்’ என்னும் புகழ்பெற்ற மருத்துவ ஏட்டில் தம் முடிவுகளை வெளியிட்டனர். ஹெபடைடிஸ் பி வைரஸ் தங்கியிருந்த 37 பேருக்குக் கீழாநெல்லித் தூளை 30 நாள் கொடுத்ததில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது என்றும், மருந்தற்ற தூளைப் பெற்ற 23 பேருள் ஒருவருக்கே அவ்வாறு நேர்ந்தது என்றும் அவர்கள் எழுதினர். தமிழகத்து மூலிகைக்கு உலகின் கவனம் திரும்பிய நாள் அது.

ஆயினும், அதன்பின் தாய்லாந்து முதலிய இடங்களில் நடந்த சோதனைகளில் அத்தகைய பலன் கிட்டவில்லை. ஆகவே இன்று ஹெபடைடிஸ் பி நோய்க்குக் கீழாநெல்லியை உறுதியான மருந்தாக மருத்துவ உலகம் ஏற்கவில்லை. ஊசி குத்திய செவிலியரோ தூய்மைப் பணியாளரோ, ‘வீட்டில் பச்சிலை சாப்பிட்டுக்கொள்கிறேன்’ என்று வாளாவிருந்தால், காப்பாற்றிக்கொள்ள வேண்டிய பொன்னான மணி நேரங்கள் கழிந்துவிடும். பாட்டியின் அன்பைப் போற்றுவோம். ஆனால் இரத்தப் பரிசோதனையை அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

மூன்று ஊசி

காக்கும் வழி மிக எளியது. முதல் நாள் ஓர் ஊசி, ஒரு மாதம் கழித்து ஓர் ஊசி, ஆறாம் மாதம் ஓர் ஊசி; ஆக மூன்றே ஊசிகள். இவற்றை முறையாகப் போட்டுக்கொண்ட ஆரோக்கியமான இளைஞருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் பாதுகாப்புப் பெறுகின்றனர். கடைசி ஊசிக்குப்பின் ஒன்று அல்லது இரண்டு மாதங்களில் இரத்தத்தில் எதிர்ப்பாற்றல் உண்டாகிவிட்டதா என்று சோதித்துப் பார்ப்பது மருத்துவப் பணியாளர்க்கு மிகவும் அவசியம். அளவு 10 அலகுகளுக்குக் குறையாமல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. குறைந்திருந்தால் மீண்டும் ஊசி போட வேண்டியிருக்கும்.

இத்தடுப்பூசி 1981-இல் அமெரிக்காவில் முதன்முதல் அனுமதி பெற்றது. 1986-இல் மனித இரத்தத்தின் துணையின்றி ஆய்வகத்திலேயே அதனை உருவாக்கும் முறை வந்தது. நெடுநாள் அது வெளிநாட்டிலிருந்து வந்த விலையுயர்ந்த பொருளாகவே இருந்தது. 1997-இல் ஐதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம் நம் நாட்டிலேயே அதனை உருவாக்கியபின் விலை பன்மடங்கு சரிந்து, ஏழைக்கும் எட்டிற்று. இதன் பயனை அமெரிக்காவின் அனுபவம் காட்டுகிறது. 1982-இல் அங்கு மருத்துவப் பணியாளருள் ஏறத்தாழ 10,000 பேர் ஓராண்டில் இந்நோய்க்கு ஆளாயினர் என்று கணக்கிடப்பட்டது. தடுப்பூசியும் கையுறை முதலிய கட்டுப்பாடுகளும் பரவியபின் 2004-இல் அத்தொகை 304 ஆகக் குறைந்தது.

இங்கே பெற்றோர் ஒன்றைக் கூர்ந்து கவனிக்க வேண்டும். நம் நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் ஹெபடைடிஸ் பி ஊசி தமிழகம் உள்ளிட்ட பத்து மாநிலங்களுக்கு விரிவாக்கப்பட்டது 2007-08-இல்தான். 2011 டிசம்பரில் அது ஐந்து நோய்களைத் தடுக்கும் கூட்டு ஊசியாகத் தமிழகத்துக் குழந்தைகளுக்குக் கிடைத்தது. அவ்வாறாயின், அதற்கு முன்னர்ப் பிறந்து இன்று செவிலியராகவும் ஆய்வுக்கூட ஊழியராகவும் பணியாற்றும் நம் பிள்ளைகள் சிறுவயதில் அரசு மருத்துவமனையில் போட்டுக்கொண்ட ஊசிகளில் இது பெரும்பாலும் இருந்திருக்காது. ‘சின்ன வயதிலேயே எல்லா ஊசியும் போட்டாயிற்று’ என்று தாய்மார் நம்பிக்கையோடு கூறுவது இந்த ஓர் ஊசிக்குப் பொருந்தாமற் போகலாம். அட்டையை எடுத்துப் பார்ப்பதே சரி.

சட்டம் சொல்வது

மருத்துவக் கழிவுகள் குறித்து நடுவண் அரசு 2016-இல் வெளியிட்ட விதிகளின்படி, மருத்துவமனையை நடத்துவோர் தம் பணியாளர் அனைவருக்கும், கழிவுகளைக் கையாள்வோர்க்கும், ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் ஆகியவற்றிற்கு எதிரான தடுப்பூசி போடக் கடமைப்பட்டவர்கள். ஊசி, கத்தி முதலிய கூர்மையானவற்றைக் குத்திக் கிழிக்க முடியாத வெள்ளைக் கலத்தில் இட வேண்டும். 2018-ஆம் ஆண்டு ஜூலை 28-இல் தொடங்கிய தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டமும் இலவசப் பரிசோதனையும் சிகிச்சையும் அளிப்பதோடு, மருத்துவப் பணியாளரின் தடுப்பூசியையும் தன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டுள்ளது. ஆகவே தடுப்பூசி கேட்பது சலுகை கேட்பதன்று; உரிமையைக் கேட்பது. இரண்டு கட்டில் கொண்ட சிறு கிளினிக்காயினும் இக்கடமையிலிருந்து விலக்கில்லை.

நம் திருச்சபையின் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் இதில் முன்மாதிரியாக விளங்க வேண்டும். மருத்துவரும் அருட்சகோதரியுமான மேரி குளோரி 1943-இல் குண்டூரில் இந்தியக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்திற்கு வித்திட்டார். அந்நாள் தொட்டு எண்ணற்ற கன்னியர் கிராமங்களில் பிரசவம் பார்த்தும் புண் கழுவியும் வந்துள்ளனர். சேவை என்ற பெயரால் கையுறையின்றிப் பணிபுரிவதைத் தியாகமென்று நாம் புகழ்ந்துவிடக் கூடாது. வழியில் காயமுற்றுக் கிடந்தவனின் காயங்களைக் கட்டிய சமாரியர், அவனைப் பேணுவதற்கான செலவையும் சாவடிக்காரனிடம் கணக்கிட்டுக் கொடுத்தார் அன்றோ? இரக்கத்தோடு முன்யோசனையும் சேர்ந்திருந்தது. பணிப்பெண்ணையும் தூய்மைப் பணியாளரையும் சேர்த்து, தம்மிடம் உள்ள அனைவருக்கும் மூன்று ஊசியும் போட்டாயிற்றா என்று ஒவ்வொரு நிறுவனத் தலைவரும் பதிவேட்டைப் பார்க்கட்டும்.

குத்திவிட்டால் என்ன செய்வது?

முதலில், பதற்றம் வேண்டாம். காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவ வேண்டும். அமுக்கிப் பிழிவதோ, வாயில் வைத்து உறிஞ்சுவதோ, காரமான மருந்தை ஊற்றுவதோ கூடாது. கண்ணில் இரத்தம் தெறித்தால் நல்ல தண்ணீரால் நெடுநேரம் அலச வேண்டும். உடனே மேலதிகாரியிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். நோயாளியின் இரத்தமும் குத்துப்பட்டவரின் இரத்தமும் சோதிக்கப்பட வேண்டும்.

தடுப்பூசி போட்டு எதிர்ப்பாற்றல் உறுதியானவருக்கு ஹெபடைடிஸ் பி பற்றி மேலும் சிகிச்சை தேவையில்லை. ஊசியே போடாதவருக்கு, நோயாளியிடம் வைரஸ் இருப்பது தெரிந்தால், இம்யூனோகுளோபுலின் என்னும் காப்பு மருந்தும் தடுப்பூசியின் முதல் தவணையும் கொடுப்பர். அதனை 24 மணி நேரத்துக்குள் பெறுவது நலம். ஏழு நாள் கடந்தால் அம்மருந்தின் பயன் ஐயத்துக்குரியது. எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவையா என்பதையும் மருத்துவர் முடிவு செய்வார். அது 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டியது. ஆகவே ‘நாளை பார்த்துக்கொள்ளலாம்’ என்ற சொல்லுக்கு இங்கு இடமில்லை.

வெடிவிபத்து நேரும்போது முதலில் ஓடிச்சென்று தூக்குபவர்கள் நம் ஊர் இளைஞர்களே. மருந்துக் கலவையில் வேலை செய்து வெடிப்பும் கீறலும் கொண்ட கைகள் அவை. காயமுற்றவரைத் தொடுமுன் கையுறை கிடைத்தால் அணியுங்கள்; கிடைக்காவிடில் ஒரு பிளாஸ்டிக் பையையேனும் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். பின்னர்ச் சோப்பிட்டுக் கழுவுங்கள். உதவியை நிறுத்த இதனைக் கூறவில்லை; உதவும் கை நாளையும் உதவ வேண்டும் என்பதற்காகவே கூறுகிறோம்.

குடும்பங்களுக்கு

2022 ஜனவரி முதல் விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. வெடிமருந்துத் தூசியில் தம் பிள்ளைகள் வாழ வேண்டாமென்று எண்ணி, கடன்பட்டேனும் மகளை நர்சிங் படிக்க அனுப்பும் பெற்றோர் நம் பகுதியில் பலர். சீருடைக்கும் விடுதிக்கும் புத்தகத்திற்கும் பணம் கட்டும்போதே, ‘ஹெபடைடிஸ் பி ஊசி எப்போது போடுவீர்கள்? அதன்பின் இரத்தப் பரிசோதனை உண்டா?’ என்று கல்லூரியில் கேளுங்கள். மாணவி நோயாளியின் கட்டிலருகே செல்லுமுன்னரே முதலிரண்டு ஊசிகளேனும் முடிந்திருக்கட்டும்.

சர்க்கரை நோய்க்கு வீட்டிலேயே இன்சுலின் போட்டுக்கொள்வோர்க்கும் ஒரு வேண்டுகோள். பயன்படுத்திய ஊசியை வீட்டுக் குப்பையில் எறியாதீர்கள். கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடி, மருத்துவமனையில் ஒப்படையுங்கள். உங்கள் தெருவைக் கூட்டும் சகோதரியும் ஒரு தாயே.

பரிசோதனையில் ஒரு பணியாளருக்கு நோய் இருப்பது தெரிந்தால், அதனை ஒழுக்கக்கேட்டின் அடையாளமாகக் கருதிப் பேசும் நாவுகளை அடக்குவோம். அவரோடு உண்ணலாம், உறங்கலாம், அவர் மடியில் குழந்தையைக் கொடுக்கலாம். மணமுடிக்கும் துணைக்கு முன்கூட்டியே தடுப்பூசி போட்டால் தொற்று தடுக்கப்படும். கருவுற்ற தாய்க்கு இந்நோய் இருந்தால், பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு ஊசியும் காப்பு மருந்தும் கொடுத்துப் பெரும்பாலும் காத்துவிடலாம். வைரஸை முற்றிலும் ஒழிக்கும் மருந்து இன்னும் பரவலாகக் கிட்டவில்லையாயினும், டெனோபோவிர், என்டகாவிர் ஆகிய மாத்திரைகள் அதனை அடக்கிக் கல்லீரலைக் காக்கின்றன. வாழ்வு அத்துடன் முடிந்துவிடுவதில்லை.

நம் காயங்களைக் கட்டும் கரங்களுக்கு நாம் என்ன கைம்மாறு செய்ய இயலும்? நன்றி கூறுகிறோம், மன்றாட்டில் நினைக்கிறோம். அவற்றோடு இந்த ஒன்றையும் செய்வோம்: நம் வீட்டிலும் உறவிலும் மருத்துவமனையில் பணிபுரிபவர் ஒருவரேனும் இருப்பார். அவரைச் சந்திக்கும்போது, ‘மூன்று ஊசியும் போட்டாயிற்றா?’ என்று கேட்போம். ‘இல்லை’ என்றால், அந்த வாரமே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ளத் துணைநிற்போம்.